ஒட்டு வேலை இல்லாத அருந்ததி

ராமாமணிக்குப் பிடிக்காதவர்களைப் பட்டியல் போட்டால் கோயமுத்தூரில் பாதிப் பேர் அதில் வந்துவிடுவார்கள். மீதிப் பாதியை அவள் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஊருக்குள் கணபதி என்கிற பகுதியில் ஒரு பம்பு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாகத் தரம் பார்ப்பது அவள் வேலை. மெக்கானிக்கல் டிப்ளமோவோடு இருபத்திரண்டு வயதில் உள்ளே போனவள். அன்றைக்கு அந்த ஷெட்டில் இவளைத் தவிரப் பெண் என்று இருந்தது கூட்டுகிற அம்மா ஒருத்திதான். கடைசல் முடிந்த பாகங்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வரும். கையிலிருக்கும் கேஜ் என்கிற அளவுக் குச்சியைத் துளைக்குள் விட்டுப் பார்ப்பாள். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. நுழையக் கூடாதது நுழைந்துவிட்டால் சிவப்புப் பெயிண்டில் ஒரு இழுப்பு. "தேறாது," என்பாள். லாரி நிற்கிறது என்பார்கள், சூப்பர்வைசர் வந்து கெஞ்சுவார், மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒன்றும் நடக்காது. அவள் பாஸ் செய்து அனுப்பிய ஒரு பீஸ்கூட இன்றுவரை திரும்பி வந்ததில்லை. இதை நாம் கேட்காவிட்டாலும் அவளே சொல்லுவாள்.

ஆட்களையும் அதே கேஜில்தான் பார்த்தாள். சர்க்கரைக்கு நடக்கிறேன் என்று கிளம்பி, பேக்கரி வரை நடந்து, தேங்காய் பன் தின்றுவிட்டுத் திரும்புகிற எதிர்வீட்டுக்காரர் தேறாது. யோகா வகுப்புக்கு வண்டியில் போய், வண்டியில் வந்து, இரண்டாம் மாடிக்கு லிஃப்டில் ஏறுகிற அவர் மனைவியும் தேறாது. கணவர் பங்காரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீஷியன், வாயில்லாப் பூச்சி. அவரை மட்டும் சிறு குறைகளோடு பாஸ் செய்து வைத்திருந்தாள்.

கேமரா அவளிடம் வந்ததும் இந்த வேலையால்தான். வார்ப்பில் காற்றுத் துளை விழுந்த பீஸ்களைப் படமெடுத்து ஃபவுண்டரிக்கு அனுப்பக் கம்பெனி வாங்கிப் போட்ட சாதாரண கேமரா. கூடவே ஒரு ட்ரைபாட். எல்லோர் கையிலும் நல்ல போன் வந்தபின் இரண்டும் அலமாரியில் தூசி தின்றன. பழைய சாமான்களை ஒழித்த அன்று மேனேஜரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இத்தனை வருஷம் ஓட்டையும் விரிசலும் பார்த்த கேமராவுக்குக் குறையே இல்லாத ஒன்றைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. பூமியில் அப்படி எதுவும் அகப்படவில்லை. மேலே திருப்பினாள்.

ட்ரைபாடின் ஒரு காலில் பிடிப்பு லூசு. பங்காருவின் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி இறுக்கினாள். லென்ஸ் கேமராவோடு வந்ததுதான், வேறு கிடையாது. ஷட்டரை இருபது விநாடி திறந்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரம்கூட வந்து உட்கார்ந்துவிடும். அந்த இருபது விநாடியும் கேமரா இம்மிகூட அசையக் கூடாது. விரல் பட்டால்கூட ஆடும் என்று டைமரை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். ட்ரைபாட் எடை இல்லாமல் ஆடியதால், பம்புக்குள் சுற்றித் தண்ணீரை வீசுகிற இம்பெல்லர் சக்கரம் ஒன்றை அதன் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். அவளே சிவப்பு இழுத்துத் தள்ளிய சக்கரம் அது.

வானத்தைப் படமெடுப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்து மூன்றாம் நாள் வெளியே வந்துவிட்டாள். ஆளுக்கொரு பீரங்கி லென்ஸ். நான்கு காரில் வால்பாறைக்குப் போய், டிக்கியைத் திறந்து வைத்துப் போண்டா தின்று, போண்டாவைப் படமெடுத்துப் போட்டுவிட்டு, மேகம் வந்துவிட்டது என்று திரும்புகிற கூட்டம். "இவங்களுக்கு வானம் எதுக்குங்க? போண்டா போதுமே," என்றாள் பங்காருவிடம். அவர் டெஸ்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இவர்கள் எல்லோரையும்விட அவளுக்கு ஆகாத ஆள் சுஃப்யான். உக்கடத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிற கல்யாணப் போட்டோக்காரன். மகள் பூஜிதாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ரித்விக் பார்த்து ஏற்பாடு செய்தவன். கல்யாணத்துக்கு முன்பே பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆனைமலைப் பக்கம் கூட்டிப்போய்ப் படமெடுத்துக்கொண்டு வந்தான். அதில் ஒன்றைப் பார்த்ததும் ராமாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தென்னந்தோப்பில் இரண்டு பேரும் கைகோத்து நிற்கிறார்கள். தலைக்கு மேலே பால்வீதி வழிகிறது. பக்கத்தில் தட்டு மாதிரி முழு நிலா.

"ஏனுங்க தம்பி, இந்த வானம் எந்த ஊர்ல இருக்குதுங்க?"

"அது டவுன்லோடு பண்ணதுங்கக்கா. இப்ப எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க."

"முழு நிலா அடிக்கற வெளிச்சத்துல பால்வீதி எப்படிங்க தெரியும்? ஒட்டறதுதான் ஒட்டறீங்க, ஒழுங்காவாச்சும் ஒட்டக் கூடாதுங்களா?"

"பொண்ணு மாப்பிள்ளைக்குப் புடிச்சிருக்குதுங்களே," என்று சிரித்தான் அவன்.

பூஜிதாவுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. அதுதான் ராமாமணிக்கு அதிகம் எரிந்தது. தான் பெற்ற பெண் ஒட்டுப் போட்ட வானத்தைப் போனில் வைத்துக்கொண்டு திரிகிறாள்.

அவளுக்குப் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருந்தது. கல்யாணத்தில் தாலி கட்டி, அம்மி மிதித்து முடித்ததும், ஐயர் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வானத்தில் அருந்ததியைக் காட்டுவார். சப்தரிஷிகள் ஏழு பேரில் வசிஷ்டருக்குப் பக்கத்தில் மட்டும் பொடிசாக ஒரு நட்சத்திரம் ஒட்டியிருக்கும். அதுதான் அவர் மனைவி அருந்ததி. காட்டுவது எல்லாம் சரி. காலை பத்து மணிக்குக் காட்டினால் என்ன தெரியும்? முன்பெல்லாம் வாசலுக்காவது கூட்டிப் போனார்கள். மண்டபங்களுக்கு ஏ.சி. வந்தபின் மேடையிலிருந்தே கூரையைக் காட்டுகிறார்கள். அங்கே நெருப்பணைக்கிற குழாயும் ஒரு பல்லியும் இருக்கும். "தெரியறதா?" என்று ஐயர் கேட்பார். "தெரியுதுங்க," என்று இரண்டும் தலையாட்டும். கேமராக்காரன் சரியாக விழவில்லை என்றால் இன்னொரு தடவை கூரையைப் பார்க்கச் சொல்லுவான். இன்னொரு தடவையும் தெரியும்.

தன் கல்யாணத்தில் ராமாமணி, "தெரியலைங்க," என்றவள். ஐயர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் தெரியவில்லை என்றாள். மாமியார் கையைக் கிள்ளினார், தெலுங்கில் காதோடு திட்டினார். கடைசியில் ஐயரே அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். இருபத்தேழு வருஷமாக அவள் அதைச் சொல்லிக் காட்டாத கல்யாணம் கிடையாது.

பூஜிதாவும் இதைக் கேட்டு வளர்ந்தவள்தான். "நான் என்னம்மா சொல்றது? உன்னை மாதிரி தெரியலைன்னு சொன்னா, ரித்விக் ஊட்ல சங்கடப்படுவாங்க. தெரியுதுன்னு சொன்னா நீ ஆயுசுக்கும் என்னைக் குத்திக் காட்டுவ," என்றாள் ஒரு நாள், பாதி விளையாட்டாக.

"நீ பொய் சொல்ல வேண்டியதில்ல கண்ணு. நான் நிஜமாவே காட்டறேன்," என்றாள் ராமாமணி.

ஐம்பது வயதில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

வைகாசி அமாவாசைக்குப் பங்காருவின் அண்ணனுடைய சோளக்காட்டுக்குப் போனார்கள். பல்லடம் தாண்டி, காங்கேயம் போகிற வழியில், வானம் பார்த்த பூமி. கணபதியில் வானம் எப்போதும் பாக்கு மென்று துப்பிய நிறம்; அங்கே போனால்தான் கருப்பு என்பதே தெரியும். ஆனாலும் இவளுக்கு அங்கேயும் குறைதான். தெற்கே காற்றாலைகள் சிவப்பு விளக்கால் கண்ணடித்துக்கொண்டிருந்தன. கோழிப்பண்ணை ஒன்றில் வரிசையாக வெளிச்சம். ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரிக்காரனும் வேண்டுமென்றே இந்தப் பக்கம் லைட் அடிப்பதாக அவளுக்கு நினைப்பு.

ஒன்பது மணிக்கு வடக்கே சப்தரிஷிகள் உயரமாக நின்றார்கள். மேற்கு மலைக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டிருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு நின்றாள். பங்காரு காரில் சாய்ந்து தூங்கிப்போனார். நாற்பத்தொரு படம் எடுத்தாள். முப்பது தாண்டி ஏதோ ஒன்று எடுக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்டது.

"ஏனுங்க, கதவச் சாத்தாதீங்க! ஆடுமில்ல!" என்று கத்தினாள்.

"நான் தொடவே இல்ல மணி," என்றார் பங்காரு, கண்ணைத் திறக்காமல்.

அவள் நம்பவில்லை. அவர் எதைச் சொல்லித்தான் அவள் உடனே நம்பினாள்?

அங்கேயே, கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகப் பெரிசுபண்ணிப் பார்த்தாள். பார்த்தது வசிஷ்டர் இருக்கிற அந்த ஒரே இடத்தை. கேஜைத் துளையில் விடுகிற பழக்கம். துளை சரியா என்று பார்ப்பவள் பீஸ் முழுவதையும் பார்ப்பதில்லை. பெரும்பாலான படங்களில் அருந்ததி இருந்தாள், ஆனால் சோகையாக, தேடினால்தான் தெரிகிற மாதிரி. தேறாது. அழித்தாள். ஒன்றில் மட்டும் வசிஷ்டர் பக்கத்தில் அருந்ததி பளிச்சென்று, பருமனாக உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் தெரியும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற நாற்பதையும் அங்கேயே அழித்துப்போட்டாள். ரிஜெக்ட்டை வீட்டுக்குத் தூக்கி வருகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. கயிற்றில் தொங்கிய அந்தச் சக்கரம் ஒன்றுதான் விதிவிலக்கு.

மூன்றடி அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு ஃபிரேம் பண்ண வேண்டும். அதற்குச் சுஃப்யானிடம்தான் போயாக வேண்டியிருந்தது. படத்தை அனுப்பினாள், கீழே போட வேண்டிய வரியையும் அனுப்பினாள்: 'அருந்ததி. எடுத்தவர் ராமாமணி பங்காரு. இது நிஜ வானம். ஒட்டு வேலை இல்லை.' கடைசி இரண்டு வாக்கியமும் யாருக்கு என்று அவனுக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள் கூப்பிட்டான். "அக்கா, படம் நல்லாருக்குதுங்க. ஆனா பெரிசு பண்ணும்போது ஒண்ணு தெரியுதுங்க. எல்லா நட்சத்திரத்துக்கும் பக்கத்துல…"

"தம்பி, நீங்க பாத்ததெல்லாம் டவுன்லோடு வானமுங்க. நிஜ வானத்துல என்னென்னமோ இருக்கும், உங்களுக்குப் புரியாது. ஒரு புள்ளி தொடக் கூடாது. இருக்கறது இருக்கறபடி வரணும்."

"இல்லீங்கக்கா, மண்டபத்துல நாலு பேரு பாக்கறப்ப…"

"பாக்கட்டுமுங்க. பாக்கறதுக்குத்தான போடறது?" என்று போனை வைத்தாள். அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷம்.

ஆனி முகூர்த்தம். படம் மேடையோரம் ஸ்டாண்டில் நின்றது. நிஜமாகவே நன்றாக இருந்தது, அதை மறுக்க முடியாது. கருவானத்தில் ஏழு ரிஷிகள்; அதில் ஒருவருக்குப் பக்கத்தில் மட்டும் பளிச்சென்று அருந்ததி. ராமாமணி வருகிற உறவுக்காரர்களை எல்லாம் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனாள். எதிர்வீட்டுக்காரரைக்கூட. ஐயரிடம், "சாமி, இன்னிக்குக் கூரையக் காட்ட வேண்டாமுங்க. அதையக் காட்டுங்க, போதும்," என்றாள். அவரும் பெரிய மனதோடு சரி என்றார்.

தாலி கட்டி முடிந்த நேரத்தில் சம்பந்தி சசிதர் வந்தார். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், சாது. அன்றைக்கு அமாவாசையில் எரிந்த பண்ணை விளக்கு இவருடையதாகத்தான் இருக்கும் என்று ராமாமணிக்கு ஒரு சந்தேகம், அதனால் அவருக்கும் இன்னும் முழு பாஸ் கிடைத்தபாடில்லை.

"சம்பந்தியம்மா, அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க. எங்க சொந்தக்காரங்க குரூப்புல போட்டுர்றேன். எங்க மருமக ஊட்டு அம்மா எடுத்ததுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

சுஃப்யானுக்கு அனுப்பிய படத்தையே அவள் தன் போனில் திறந்து கொடுத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலால் விரித்து, ஓரத்திலிருந்த ஒரு நட்சத்திரத்தைப் பெரிசுபண்ணினார். அங்கிருந்து அடுத்ததற்கு நகர்ந்தார். அங்கிருந்து அடுத்ததற்கு.

"ஏனுங்க, இதுக்குப் பக்கத்துலயும் ஒரு பொடிசு ஒட்டிட்டிருக்குதுங்களே? இங்கயும் இருக்குது. ஏழு ரிஷிக்கும் அருந்ததி இருக்குதாட்ட இருக்குது!" என்று வெள்ளந்தியாகச் சிரித்தார்.

ராமாமணி போனை வாங்கிப் பார்த்தாள். முதல் தடவையாக முழுப் படத்தையும் பெரிசுபண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் வலது கீழே, ஒரே தூரத்தில், ஒரே பருமனில், மங்கலாக இன்னொன்று. ஒன்றுகூடப் பாக்கியில்லை. அந்த 'டக்' சத்தம் காதில் கேட்டது. காரின் கதவு இல்லை. காற்றில் ஊசலாடிய இம்பெல்லர் போய் லூசுக் காலில் இடித்திருக்கிறது. இருபது விநாடியின் நடுவில் கேமரா ஒரு நூல் இறங்கியிருக்கிறது. வானம் மொத்தமும் இரண்டு தடவை பதிந்திருக்கிறது. வசிஷ்டரின் இரண்டாவது பதிவு சரியாக அருந்ததியின் மேல் போய் விழுந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பளிச்சு. சோகையாக இருந்தவைதான் நிஜ அருந்ததி. அவற்றைத்தான் தேறாது என்று அழித்தாள்.

நிமிர்ந்து ஸ்டாண்டில் இருந்த படத்தைப் பார்த்தாள். அதில் ரிஷிகள் தனித்தனியாக, சுத்தமாக நின்றார்கள். ஒரு பொடிசு இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்திருக்கிறான். எத்தனை நூறு நட்சத்திரமோ. வசிஷ்டர் பக்கத்தில் மட்டும் விட்டு வைத்திருக்கிறான். அதற்கும் கீழே, அவள் சொன்னபடி ஓர் எழுத்து மாறாமல்: ஒட்டு வேலை இல்லை.

"என்னங்க, ஏதாச்சும் தப்புங்களா?" என்றார் சசிதர்.

"இல்லீங்க. போன்ல பாத்தா அப்படித்தானுங்க தெரியும்," என்றாள் ராமாமணி.

வாயிலிருந்து வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளுக்கே தாங்கவில்லை.

மேடைக்குக் கீழே சுஃப்யான் நின்றிருந்தான். நேராகப் போய்ப் போனை நீட்டினாள். அவன் அதைப் பார்க்கவில்லை, லென்ஸைத் துடைத்தான்.

"நான் தொடக் கூடாதுன்னு சொன்னனில்லீங்க?"

"சொன்னீங்கக்கா." குரலைத் தாழ்த்தினான். "உங்க பேரு போட்டிருந்துதுங்க. கூட்டம் சிரிச்சுப்போடும்னு தோணுச்சு. கல்யாணம் முடியட்டுங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க."

அவன் நக்கலடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். இரக்கப்பட்டுவிட்டான். முழு நிலாவுக்குப் பக்கத்தில் பால்வீதியை ஒட்டுகிறவன், அவள் மேல்.

அதற்குள் ஐயர் கூப்பிட்டுவிட்டார். பூஜிதாவும் ரித்விக்கும் அம்மி மிதித்துவிட்டுப் படத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். மைக் ஐயர் அங்கவஸ்திரத்தில் குத்தியிருந்தது. "இன்னிக்கு அருந்ததிய நெஜமாவே பாக்கப் போறோம்," என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார். குனிந்து கீழே இருந்த வரியையும் படித்தார். "நிஜ வானம், ஒட்டு வேலை இல்லைன்னு எழுதியிருக்கா. பேஷ். எடுத்தவாளே வந்து காட்டட்டும். வாங்கோம்மா."

நானூறு பேர் திரும்பினார்கள். எதிர்வீட்டுக்காரர் எழுந்தே நின்றார்.

ராமாமணி படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இருபத்தேழு வருஷத்துக்கு முன் மேடையில் உள்ளதைச் சொன்ன மாதிரி இப்போதும் சொல்லலாம். இது தேறாது என்றால் முடிந்தது. நாலு பேர் சிரிப்பார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்தும் போவார்கள். வாயைத் திறக்கக்கூடத் திறந்தாள்.

"எதும்மா?" என்றாள் பூஜிதா. அவள் கண்ணில் விளையாட்டு இல்லை. அம்மா காட்டுவது நிஜமாகத்தான் இருக்கும் என்று நம்பி, கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.

"இதான் கண்ணு," என்று ராமாமணி விரலை வைத்தாள்.

"தெரியுதும்மா," என்றாள் பூஜிதா. "நல்லாத் தெரியுது."

மகள் முகத்துக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று பின்னால் பல ராத்திரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது சும்மா. படத்துக்குக் கீழே அச்சடித்திருந்த தன் பெயருக்காகத்தான் செய்தாள். தன் மேசைக்கு அப்படி ஒரு பீஸ் வந்திருந்தால் பெயிண்டைத் தொடக்கூட யோசித்திருக்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். கூசியது. உள்ளங்கால் வரைக்கும் கூசியது.

விரலை எடுக்கப் போனாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுஃப்யான் முன்னால் வந்து குனிந்தான்.

"அக்கா, கண்ணாடியில ஃபிளாஷ் அடிச்சிருச்சுங்க. இன்னொருக்காக் காட்டுங்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி."

ராமாமணி இன்னொரு தடவை காட்டினாள். சிரித்த மாதிரி.